காட்பாடியில் இறங்கும் குடும்பங்கள்

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை தென்னிந்தியாவிலேயே மூத்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை வந்தது. இன்று அதே திசையில் அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா ரோடு என்று கடந்து காட்பாடி சந்திப்பில் இறங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். சென்னைக்காரர்களுக்கு இது காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம். ஆனால் காட்பாடியில் இறங்குகிற கூட்டத்தில் கணிசமானவர்கள் சென்னையிலிருந்து வருபவர்கள் அல்லர். ஹவுராவிலிருந்து பெங்களூரு செல்லும் வண்டிகளில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து வந்தவர்கள் இறங்குகிறார்கள். திப்ருகட்டிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறியவர்கள் இரண்டு நாளைத் தாண்டி இங்கே கால் வைக்கிறார்கள். அவர்கள் இறக்கும் சாமான்களே வந்த காரியத்தைச் சொல்லிவிடும். உல்லாசப் பயணிகளிடம் பிரஷர் குக்கர் இருக்காது; கடுகெண்ணெய் டின்னும் அரிசிப் பையும் இருக்காது; மழைக்கு நனையாதபடி பாலிதீனில் சுற்றி, பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும் மருத்துவ ஃபைல் இருக்காது. அந்த ஃபைலுக்கு உரியவர் பல நேரங்களில் ஒரு குழந்தை. முடி கொட்டிய தலையில் குல்லாவும் முகத்தில் மாஸ்க்கும் போட்டு, அப்பாவின் தோளில் சாய்ந்தபடி வரும் குழந்தை.

பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் வேலூர். ஊரின் கோட்டையும் ஜலகண்டேசுவரர் கோயிலும் சுற்றுலாப் புத்தகங்களில் இடம்பெறுபவை. ஆனால் இந்த ஊரின் அன்றாடத்தை நடத்துவது 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கி, பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த மருத்துவமனை. இங்கே 1986-இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. அதற்குப் பின் ஆயிரக்கணக்கில் நடந்திருக்கிறது. மருத்துவமனைக்கு எதிரேயும் காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் லாட்ஜ்களின் பெயர்ப் பலகைகள் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அடுத்து வங்காளத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும் வங்காள மெஸ்கள் இருக்கின்றன. நாள் வாடகை அறைகளில் சமையல் மேடையும் கேஸ் அடுப்பும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மருத்துவமனையின் எந்தத் திட்ட வரைபடத்திலும் இல்லாமல், நோயாளிகளின் தேவையே கட்டி எழுப்பிய இன்னொரு மருத்துவமனை இது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் மாற்றுச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது நாம் வார்டுக்குள் இருக்கும் கருவிகளைப் பேசுகிறோம். டாக்டர்களின் திறமையைப் பேசுகிறோம். இந்தச் சந்துகளைப் பேசுவதில்லை. என் வாதம் இதுதான்: இந்த மாற்றுச் சிகிச்சையின் முடிவு வார்டுக்குள் பாதிதான் தீர்மானமாகிறது. மீதிப் பாதி, டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்தக் குழந்தை தங்கும் வாடகை அறையில் தீர்மானமாகிறது. ஆகவே அந்த அறை, அதன் தண்ணீர், அதற்கு வந்து சேரும் ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் சிகிச்சைச் செலவாகவே எண்ண வேண்டும். இன்று அவற்றைக் குடும்பத்தின் சொந்தச் செலவு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இந்த வாதத்தை எடைபோட, சிகிச்சை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை கீமோ மருந்துகளிலேயே குணமாகிவிடும். திரும்பி வந்த நோய்க்கும், மருந்துக்கு அடங்காத வகைகளுக்கும், ஆரம்பத்திலேயே ஆபத்தானவை என்று தெரிந்தவற்றுக்கும்தான் மாற்றுச் சிகிச்சை. முதலில் வீரியமான கீமோ அல்லது உடல் முழுவதுக்குமான கதிர்வீச்சு கொடுத்து, நோயுள்ள மஜ்ஜையை முற்றாக அழிக்கிறார்கள். பிறகு தானம் தருபவரின் இடுப்பெலும்பிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்களைக் கழுத்துக்கு அருகே பொருத்திய குழாய் வழியே ஏற்றுகிறார்கள். அந்த நாளுக்கு 'டே ஜீரோ' என்று பெயர். இதில் அறுவை சிகிச்சை எதுவும் கிடையாது. சாதாரண ரத்தம் ஏற்றுவது போலவே சிவப்புப் பை ஒன்று தொங்கும். சில மணி நேரத்தில் வற்றிவிடும். ஏற்றிய செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய் இடம் பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை குழந்தைக்கு வெள்ளணுக்கள் அநேகமாகச் சுழி. வடிகட்டிய காற்று உள்ள தனி அறையில் காத்திருக்க வேண்டும். நியூட்ரோஃபில் எண்ணிக்கை மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் நின்றால் செல்கள் பிடித்துவிட்டன என்று கணக்கு. 'கவுன்ட் ஏறிடுச்சு' என்ற சொல்லுக்காகத்தான் வெளியே அப்பாக்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கவுன்ட் ஏறியதும் டிஸ்சார்ஜ். உறவினர்கள் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைப்பதும், காப்பீட்டுத் தொகுப்பு தன் பெரும்பகுதியை மூடிக்கொள்வதும் இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் நீண்ட பகுதி இப்போதுதான் தொடங்குகிறது. புதிதாக வந்த செல்கள் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கலாம். அதை அடக்க சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் கொடுக்கிறார்கள். அந்த மருந்துகள் நோயெதிர்ப்பையும் சேர்த்து அடக்குவதால், உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸ்கள் தலைதூக்குகின்றன. மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்தால் தாக்குதல், கூடினால் சிறுநீரகக் கேடு. ஆகவே வாரத்துக்கு ஓரிரு முறை ரத்தப் பரிசோதனை. அன்று காலை மருந்தைக் கொடுக்காமல் அம்மா பையிலேயே எடுத்து வருவார். ரத்தம் எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும்; முன்னாலேயே கொடுத்துவிட்டால் அளவு தவறாகக் காட்டும். பம்பளிமாஸ் வகைப் பழங்கள் சைக்ளோஸ்போரினின் அளவைக் கூட்டிவிடும் என்பதால் கூடாது. ஒவ்வொரு நாளும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் திருப்பிப் பார்க்க வேண்டும், முதல் சிவப்பு பெரும்பாலும் அங்கேதான் தெரியும். நம் நிறத்துக் குழந்தைகளின் மேனியில் அது சட்டென்று கண்ணில் படாது. வயிற்றுப்போக்கு எத்தனை முறை, எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. அமெரிக்க மையங்கள் பலவும் இதனால்தான், மாற்று முடிந்து ஏறத்தாழ நூறாம் நாள் வரை அரை மணி அல்லது ஒரு மணி நேரத் தொலைவுக்குள் தங்கியாக வேண்டும், இருபத்து நான்கு மணி நேரமும் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கின்றன.

இந்த வேலைகளையெல்லாம் சந்துக்குள் இருக்கும் பத்துக்குப் பத்து அறையில் வைத்துப் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைக்க ஒரு பாத்திரம், சமைக்க இன்னொன்று. மருத்துவர்கள் 'சமைத்ததைச் சூட்டோடு கொடுங்கள், காலையில் செய்ததை மாலைக்கு வைக்காதீர்கள்' என்கிறார்கள். ஆனால் இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சமைத்தால்தான் கேஸ் மிச்சமாகும். (நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்குப் பச்சைக் காய், பழங்களை அறவே விலக்க வேண்டுமா என்பதில் மருத்துவ உலகில் கருத்து மாறிவருகிறது, சுத்தமான நீரிலும் கை கழுவுவதிலும் மாற்றுக் கருத்தே இல்லை.) கழிப்பறை பொதுவானதாக இருந்தால் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு அது ஆபத்து. சுவரில் ஈரம் பூத்தால் பூஞ்சை ஆபத்து. பக்கத்து அறையில் சின்னம்மை வந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து, ஏனென்றால் இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து போட்டுக்கொண்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். சரி, படுக்கையைக் காலி செய்யாமல் வார்டிலேயே வைத்திருக்கலாமே என்றால், பெரிய மருத்துவமனைகளில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் குடிகொண்டிருப்பது இந்தியாவின் மாற்றுச் சிகிச்சை மையங்கள் யாவும் அறிந்த தலைவலி. சுத்தமான, அருகிலுள்ள, குறைந்த வாடகை வீடே பாதுகாப்பு. நடவுக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதை அவரவர் பாடு என்று விடுகிற விவசாயம் எங்கும் இல்லை. மாற்றுச் சிகிச்சையில் மட்டும் அப்படித்தான் செய்கிறோம்.

இந்தச் சிகிச்சையின் வரலாறே இந்தப் பாடத்தைத்தான் சொல்கிறது. டொனால் தாமஸ் 1950-களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு மஜ்ஜையை ஏற்றத் தொடங்கினார். ஒரே மாதிரி இரட்டையரிடமிருந்து எடுத்த மஜ்ஜை பிடித்தது, ஆனால் நோய் திரும்பியது. மற்றவர்களிடமிருந்து எடுத்தது பிடிக்கவே இல்லை. பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. அறிவும், எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும், கிருமிகளைச் சமாளிக்கும் முறைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகே பலன் கிடைத்தது. 1990-இல் அவருக்கு நோபல் பரிசு. அவர் சியாட்டிலில் உருவாக்கிய குழுவிடம் பயின்று வந்த சுரேஷ் அத்வானிதான் 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மாற்றைச் செய்தார். நோயாளி ஒன்பது வயதுச் சிறுமி. மஜ்ஜை கொடுத்தது அவளுடைய சகோதரன். நாம் சியாட்டிலிடமிருந்து மருந்து அட்டவணையைக் கற்றோம். அதே காலத்தில் அமெரிக்கா இன்னொன்றையும் கற்றிருந்தது. 1974-இல் பிலடெல்பியாவில், குழந்தைப் புற்றுநோய் மருத்துவரான ஆட்ரி எவன்ஸ், தன் நோயாளிகளின் பெற்றோர் காத்திருப்பு அறை நாற்காலிகளில் தூங்குவதைச் சகிக்காமல் அவர்களுக்கென ஒரு வீட்டைத் திறக்கக் காரணமாக இருந்தார். மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்த கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில்லும் அவருடைய அணியும் அதற்குப் பணம் திரட்டினார்கள். அதுதான் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம். மும்பையில் அதையொத்த முயற்சி, செயின்ட் ஜூட்ஸ் குழந்தைகள் இல்லமாக, 2006-இல் தொடங்கியது. முதல் மாற்றுக்கும் முதல் வீட்டுக்கும் இடையே நமக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

தானம் தருபவர் யார் என்ற கேள்வி இந்தப் பயணத்தை மேலும் சிக்கலாக்குகிறது. உடன்பிறந்த ஒருவர் முழுப் பொருத்தமாக அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். குடும்பங்கள் சிறுத்துவிட்ட காலத்தில் பல குழந்தைகளுக்கு அந்த ஒரு வாய்ப்புகூட இல்லை. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் சித்தி, மாமன் பிள்ளைகள் வரை தேடினால் சில நேரம் பொருத்தம் கிட்டும் என்பது ஒரு சின்ன ஆறுதல். உறவுக்கு வெளியே தேட வேண்டுமானால் பதிவேடு வேண்டும்; சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி அப்படிப்பட்டது. உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருந்தாலும் அவர்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர். அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 75 விழுக்காடு இருந்த வாய்ப்பு, தென், மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு 16 விழுக்காடாகச் சரிந்திருந்தது. ஆகவே இப்போது பாதிப் பொருத்தம் உள்ள தாயோ தந்தையோ தரும் முறை பரவிவருகிறது. மாற்றுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து எதிர்ப்புச் செல்களை ஒடுக்க பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வளர்த்த உத்தி இதைச் சாத்தியமாக்கியது. தானம் தருபவர் கிடைக்காத குறை பெருமளவு தீர்ந்தது. ஆனால் தருகிற அம்மாவே குழந்தையைக் கவனிப்பவரும்கூட. அவருக்கு மயக்க மருந்து கொடுக்கும் நாளில் குழந்தையின் அருகே யார் இருப்பது? அப்பா உள்ளே போனால், ஊரில் விட்டுவர முடியாமல் கூட்டிவந்த மற்றொரு பிள்ளையை அறையில் யார் பார்ப்பது?

ரயில்வேயின் சலுகை விதி இந்தச் சிக்கலை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. ஏழைக் குடும்பங்களை இது எவ்வளவு காப்பாற்றியிருக்கிறது என்பதைக் காட்பாடி பிளாட்பாரத்தில் நின்றால் உணரலாம். நல்ல விதி, மனமார வரவேற்க வேண்டிய விதி. ஆனால் அது நோயாளி ஒருவர், துணை ஒருவர் என்று கணக்கிடுகிறது. மாற்றுக்கு வருவது நோயாளி, தானம் தரும் அண்ணனோ தங்கையோ, வார்டுக்குள் இருக்க ஒருவர், வெளியே சமைத்து மருந்து வாங்க ஒருவர் என்று குறைந்தது நான்கு பேர். எட்டு வயதுத் தங்கை தன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை கொடுக்க வருகிறாள். சிகிச்சையில் அவள் இல்லாமல் எதுவும் நடக்காது. சலுகைப் படிவத்தில் அவளுக்கு இடமில்லை. வங்கதேசத்திலிருந்து வருபவர்களுக்கும் இதே இறுக்கம் விசாவில் இருக்கிறது: மருத்துவ விசாவுடன் உடன்வருவோர் விசா இருவருக்குத்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாதமி, தானம் தரும் குழந்தைகளின் நலனைத் தனியே காக்க வேண்டும் என்று 2010-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் நாட்டில் அந்தத் தங்கை பள்ளிக்குப் போகாத மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சியாட்டிலின் பிரெட் ஹச் மையம் நோயாளிக் குழந்தைகளோடு அவர்களின் உடன்பிறந்தவர்களுக்கும் சேர்த்துப் பள்ளியே நடத்துகிறது.

வேலூரிலிருந்து கிழக்கே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், ரத்தினகிரி முருகன் குன்றுக்கு அருகே, கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகம் பரந்து நிற்கிறது. ரத்தவியல் துறை இப்போது அங்கே இயங்குகிறது. தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பெயர்போன ராணிப்பேட்டைப் பக்கமாக மருத்துவ ஊர் நகர்ந்து வருகிறது. லாட்ஜ்களும் மெஸ்களும் பின்னாலேயே வரும். இந்த இடத்தில் நின்றால் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு நினைவுக்கு வராமல் போகாது. ஒரு மாற்றுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும் நாட்டில், அந்தப் பணத்தை முதல்நிலைக் கீமோவில் போட்டால் இன்னும் எத்தனையோ குழந்தைகள் பிழைப்பார்களே என்பது அந்த மறுப்பு. வசதியான நாடுகளில் குழந்தைப் புற்றுநோயில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறது, ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30-ஐத் தொடுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030-க்குள் 60 விழுக்காட்டை எட்டுவது அதன் இலக்கு. மாற்றுச் சிகிச்சை மட்டுமே இந்த இடைவெளியை நிரப்பாது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கீமோவிலும் குழந்தைகளை இழப்பதற்கு ஒரு பெரிய காரணம் பாதியில் சிகிச்சையை விட்டுப் போவதுதான். மும்பை டாடா மருத்துவமனையில் 2009-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை சிகிச்சையை ஏற்காமலோ பாதியில் விட்டோ போனது. தங்குமிடம், உணவு, பணம், மனத்துணை என்று திட்டமிட்டுக் கொடுக்கத் தொடங்கிய பிறகு சில ஆண்டுகளிலேயே அது ஏறத்தாழ இருபதில் ஒன்றாக இறங்கியது. அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மாற்றுக்கு வருபவர்களுக்காகக் கட்டும் வீடு கீமோவுக்கு வருபவர்களுக்கும் வீடுதான். இரண்டையும் போட்டியாக நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு மறுப்பு: ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும், மாவட்டத்துக்கொரு மாற்றுச் சிகிச்சை மையம் கட்டலாமே? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சிகிச்சை தனி வார்டு கட்டினால் நடந்துவிடுவதில்லை. கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம், எச்.எல்.ஏ. ஆய்வகம், வைரஸ் அளவை வாரந்தோறும் சொல்லும் பரிசோதனை, இரவு இரண்டு மணிக்குப் பிளேட்லெட் தரும் ரத்த வங்கி, தேர்ந்த செவிலியர்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். 2020-இல் வெளியான ஃபோரம் என்ற பன்னாட்டு ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. நிணநீர் வகை ரத்தப் புற்றுநோயுள்ள நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில், உடல் முழுவதுக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவில் 91 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள். கீமோவால் மட்டும் தயார் செய்யப்பட்டவர்களில் 75. அந்தக் கதிர்வீச்சைத் துல்லியமாகக் கொடுக்கத் தெரிந்த குழு எல்லா ஊரிலும் இருக்க முடியாது. மாற்றைச் சில இடங்களில் குவிப்பது சரியே. பரப்ப வேண்டியது அதற்குப் பின்வரும் கவனிப்பை. நூறு நாளுக்குப் பின் ஊர் திரும்பும் குழந்தையைக் கொல்கத்தாவிலோ குவாஹாத்தியிலோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலோ ஒரு டாக்டர் பார்த்து, வேலூரோடு பேசி மருந்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால், ஒவ்வொரு பரிசோதனைக்கும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. 2012 முதல் இயங்கும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு மருத்துவமனைகளை ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கிறது. அந்த இணைப்பின் வழியே சைக்ளோஸ்போரின் அளவுச் சீட்டும் பயணிக்கலாம்.

தொண்டு நிறுவனங்கள் வீடு கொடுக்கின்றனவே, அரசு ஏன் நுழைய வேண்டும் என்பவர்களுக்கு: தொண்டு, வழி தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. மொழி தெரியாமல் மூன்றாம் நாள் காலை காட்பாடியில் இறங்கும் அப்பாவுக்கு எந்த வீட்டில் இடம் இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியாது; அவர் ஆட்டோக்காரர் காட்டும் அறைக்குத்தான் போவார். உரிமையாக எழுதப்பட்டது கேட்காமலே கிடைக்க வேண்டும். தங்கும் செலவுக்குப் பணம் கொடுத்தால் வேறு வழியில் போய்விடும் என்ற அச்சத்துக்கும் நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2018 முதல் காசநோயாளிகளுக்கு ஊட்டத்துக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024-இல் அது 1,000 ஆனது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ராஷன்ஸ் ஆய்வு, காசநோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததில் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்று காட்டியது. அரிசியும் பருப்பும் மருத்துவத்தின் பகுதி என்று அரசு ஒரு நோயில் ஒப்புக்கொண்டாயிற்று. வாடகைப் பணம் கைக்குப் போக வேண்டாம் என்றால், அங்கீகரித்த வீட்டுக்கு இரவுக் கணக்கில் நேராகக் கொடுக்கலாம்; தண்ணீர், கழிப்பறை, ஈரச் சுவர் எல்லாவற்றையும் சோதித்து அங்கீகரிக்கும் அதிகாரமும் அப்போது கிடைக்கும். மாற்றுக்கு ஆகும் மொத்தச் செலவில் நூறு நாள் வாடகை சிறு பங்குதான்.

கடைசி மறுப்பு கொஞ்சம் கசப்பானது: அசாமிலிருந்து வரும் குழந்தைக்குத் தமிழ்நாட்டு அரசு ஏன் வாடகை கொடுக்க வேண்டும்? கொடுக்க வேண்டாம். குழந்தையின் சொந்த மாநிலமோ ஒன்றிய அரசோ கொடுக்கலாம், பணம் எல்லை தாண்டினால் போதும். மேற்கு வங்கத்தின் ஸ்வஸ்திய சாத்தி அட்டை வேலூர் வரை செல்லுபடியாகிறது. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு மாநிலத்தார் இன்னொரு மாநிலத்தில் சிகிச்சை பெறலாம். கோல் இந்தியா நிறுவனம் 2017-இல் தொடங்கிய திட்டத்தில், தலசீமியா குழந்தைகளின் மாற்றுக்குப் பத்து லட்சம் வரை எந்த மாநிலக் குழந்தைக்கும் தருகிறது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கும் அப்படியொரு கை நீள வேண்டும். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இங்குள்ள குழந்தைகளின் எலும்பு மஜ்ஜை மாற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தர்மபுரி மலைக் கிராமத்திலிருந்து வேலூருக்கு வரும் குடும்பத்துக்கும் வாடகை அறை வாடகை அறைதான். அதை முதலில் தன் குழந்தைகளுக்குச் செய்து காட்ட தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை. செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மாற்றுச் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகுப்பில் நூறு இரவுகளுக்கான தங்குமிடம் தனி வரியாக ஏற வேண்டும். தானம் தருபவரின் பரிசோதனையும் பயணமும் உணவும் நோயாளியின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். ரயில் சலுகைப் படிவத்தில் தானம் தருபவருக்கும் இரண்டாவது துணைக்கும் இடம் வேண்டும். இதற்கு ரயில்வே வாரியத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். புதிதாக மாற்றுச் சிகிச்சை மையம் தொடங்க அனுமதி கேட்கிறவர்களிடம் எத்தனை படுக்கை என்று கேட்கும் அதே தாளில், நடந்தே வரக்கூடிய தொலைவில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு என்றும் கேட்க வேண்டும்.